பிசிக்ஸ் டீச்சர் எங்கே, பணம் எங்கே? கடலூர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு இப்போது கல்லூரியில் படிக்கிறேன். சாயங்காலம் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். கணக்கில் வரும் சந்தேகத்தைவிட "ஏன் எங்க ஸ்கூல் இப்படி இருக்கு" என்ற சந்தேகம்தான் அதிகம் வருகிறது, பிள்ளைகளிடமிருந்தும், கூட்டிப்போக வரும் அம்மா அப்பாக்களிடமிருந்தும். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். எல்லாம் 2025–26 கல்வியாண்டை வைத்து எழுதியது. நான் எந்தக் கட்சியும் கிடையாது. கோபம் உண்டு, டெல்லி மேலும் உண்டு, சென்னை மேலும் உண்டு.

அண்ணா, ஸ்கூலுக்கு வர்ற பணத்தை வெட்டிட்டாங்கன்னு சொல்றாங்களே, நிஜமாவே பட்ஜெட்டைக் குறைச்சிட்டாங்களா?

மொத்தத் தொகையைப் பார்த்தால் குறையவில்லை. தமிழ்நாடு பட்ஜெட்டில் பள்ளிக்கல்வித் துறைக்கு 2024–25இல் 44,042 கோடி ரூபாய், 2025–26இல் 46,767 கோடி. கூடித்தான் இருக்கிறது. ஆனால் இதில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும்.

வெட்டு விழுந்த இடம் ஒன்றிய அரசு தரவேண்டிய சமக்ர சிக்‌ஷா பணம். 2024–25க்கு ஒப்புதல் ஆன திட்டம் 3,586 கோடி. அதில் 60 சதவீதம், அதாவது சுமார் 2,152 கோடி, டெல்லி தரவேண்டியது. அது வரவில்லை. சொந்த நிதியிலிருந்து போட்டுச் சமாளிப்பதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் மாநில அரசு சொன்னது. சமாளிப்பது என்றால் வீட்டில் எப்படியோ அப்படித்தான், தள்ளிப்போட முடியாததற்கு முதலில் கொடுத்துவிட்டு மற்றதை அடுத்த மாசம் பார்க்கலாம் என்பார்கள். அதனால் வெட்டு என்று பெயர் போட்டு எந்தச் சுற்றறிக்கையும் பள்ளிக்கு வராது. நிரப்பாத காலியிடமாக வரும், தாமதமான மானியமாக வரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் தற்காலிக டீச்சராக வரும்.

சமக்ர சிக்‌ஷான்னா என்ன? எங்க ஸ்கூல்ல அந்தப் பேர்ல எதுவுமே இல்லையே.

இருக்கிறது, போர்டு மாட்டியிருக்க மாட்டார்கள். முன்னால் எட்டாம் வகுப்பு வரைக்கும் எஸ்.எஸ்.ஏ. என்று ஒன்று, ஒன்பது பத்தாம் வகுப்புகளுக்கு ஆர்.எம்.எஸ்.ஏ. என்று ஒன்று, ஆசிரியர் பயிற்சிக்குத் தனியாக ஒன்று. இவற்றை 2018இல் ஒன்றாகச் சேர்த்ததுதான் இது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர், வட்டார வள மையத்து ஆட்கள், 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்த ஓவியம், உடற்கல்வி, கணினி பகுதிநேர ஆசிரியர்கள், ஸ்போர்ட்ஸ் சாமான், லைப்ரரிப் புத்தகம், இப்படி நிறைய இதில் அடக்கம். அந்தப் பகுதிநேர ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டு எத்தனை வருடமாகத் தெருவில் நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அது டெல்லி பணம் வந்துகொண்டிருந்த காலத்திலேயே தீராத பிரச்சினை.

பள்ளி மானியம் என்று ஹெச்.எம். சொல்வாரே, அதுவும் இதிலிருந்துதான். 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். வருடத்துக்கு! 900 பேர் படிக்கும் பள்ளி என்றால் தலைக்கு 83 ரூபாய். அதில் சாக்பீஸ், பதிவேடு, ரிப்பேர் எல்லாம் பார்க்க வேண்டும், குறைந்தது 10 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்கவும் வேண்டும். பினாயில் இல்லை என்று ஹெச்.எம். கையை விரித்தால் அவரைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஏன் தர மாட்டேங்குறாங்க? நாம வரி கட்டலையா?

பிஎம் ஸ்ரீ என்று இன்னொரு திட்டம், 2022இல் வந்தது. நாடு முழுக்க 14,500 பள்ளிகளை மாதிரிப் பள்ளியாக மாற்றுவது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கான ஒப்பந்தத்தில், தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ மாநிலம் முழுக்க நடைமுறைப்படுத்துவோம் என்று கையெழுத்துப் போடவேண்டும். சில பள்ளிகளுக்கான திட்டம், கையெழுத்து மொத்த மாநிலத்துக்கும். தமிழ்நாடு போடவில்லை. அதைக் காட்டி, வேறு திட்டமான சமக்ர சிக்‌ஷா பணத்தையும் நிறுத்திவிட்டார்கள். கொள்கையை ஏற்காதவரை பணம் இல்லை என்று ஒன்றியக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் 2025 பிப்ரவரியில் வெளிப்படையாகவே பேசினார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் டீக்கடை வாதத்தில் மாட்டிக்கொள்வீர்கள். 2024 மார்ச்சில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலர், குழு அமைத்துப் பரிந்துரை வந்ததும் கையெழுத்திடுவோம் என்ற மாதிரி ஒரு கடிதம் கொடுத்தார். பிறகு கொள்கை பற்றிய அந்த வரியை எடுத்துவிட்டு மாற்றி அனுப்பினார்கள், டெல்லி ஏற்கவில்லை. அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கும் பேசுகிறார்கள். கடிதம் கொடுத்தது தப்பு என்றே வைத்துக்கொண்டாலும், அதற்கு ஆறாம் வகுப்புப் பிள்ளையின் லைப்ரரிப் புத்தகம் என்ன செய்தது?

கோர்ட்டுக்குப் போனாங்களே, என்ன ஆச்சு?

2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது, வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டு. இது மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும் இடையிலான வழக்கு, நேராக உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போகும். இந்த மாதிரி வழக்கு நம் பிளஸ் டூ கால அட்டவணையைப் பார்த்து நடக்காது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

தம்பி, எம் பையனுக்கு ஆர்.டி.இ.ல எல்.கே.ஜி. சீட்டு கேட்டேன், ஜூன்ல அப்ளிகேஷனே போடலையே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமா?

சம்பந்தம்தான் அக்கா. கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தரவேண்டும், அந்த ஃபீஸை அரசாங்கம் அந்தத் தனியார் பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கும். அதில் டெல்லியின் பங்கும் சமக்ர சிக்‌ஷா வழியாகத்தான் வருகிறது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இந்தப் பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்றது. பிறகு அந்தப் பங்கு மட்டும் வந்தது, சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் பாதிப் பேர் கடன் வாங்கி ஃபீஸ் கட்டிவிட்டார்கள், அல்லது அங்கன்வாடியிலேயே விட்டுவிட்டார்கள்.

அந்தப் புதிய கல்விக் கொள்கையில நல்லது ஒண்ணுமே இல்லையா? சும்மா எதிர்க்கணும்னு எதிர்க்கிறாங்களா?

முழுசாகப் படித்தால் நல்லதும் இருக்கிறது. காலையில் பள்ளியிலேயே சாப்பாடு கொடுக்கலாம் என்று அதிலும் எழுதியிருக்கிறது. தமிழ்நாடு 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்தைத் தன் காசில் தொடங்கியது. கல்விக்கு நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் செலவிட வேண்டும் என்றும் இருக்கிறது. இதைக் கோத்தாரி ஆணையம் 1966லேயே சொல்லிவிட்டது, இன்றுவரை நடக்கவில்லை.

சண்டை முக்கியமாக மூன்றாவது மொழியில். இங்கே 1968லிருந்து தமிழும் ஆங்கிலமும்தான். எந்த மொழியையும் திணிக்க மாட்டோம் என்று கொள்கை சொல்கிறது, ஆனால் மூன்று மொழி வேண்டும், அதில் இரண்டு இந்திய மொழியாக இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. என் கேள்வி சின்னது: பிசிக்ஸுக்கே டீச்சர் இல்லாத பள்ளியில் மூன்றாவது மொழிக்கு யார் வருவார்? கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது. 42ஆவது திருத்தத்தில் பொதுப் பட்டியலுக்குப் போனது, அங்கிருந்துதான் இந்த இழுபறி எல்லாம்.

எங்களுக்கு ஜூன்ல இருந்து பிசிக்ஸ் சாரே இல்லைண்ணா. அதுவும் டெல்லிதானா?

இல்லை. இங்கேதான் எனக்கு சென்னை மேல் கோபம். மேல்நிலை வகுப்பு முதுகலை ஆசிரியர் சம்பளம் மாநில அரசின் பொறுப்பு. மேலே சொன்ன 2,152 கோடியைக் காட்டி இந்தக் காலியிடத்தை நியாயப்படுத்த முடியாது, யாராவது நியாயப்படுத்தினால் மெதுவாகத் திருத்துங்கள்.

காலியாவதற்குக் காரணம் சாதாரணமானது. ஒருவர் ஓய்வு பெறுவார், ஒருவர் கலந்தாய்வில் சொந்த ஊருக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போவார். புதிதாக ஆள் எடுப்பது ஆசிரியர் தேர்வு வாரியம். அறிவிப்பு, தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, நடுவில் ஒரு வழக்கு, அதற்குள் ஒரு பேட்ச் பிளஸ் டூ முடித்துவிடும். 1,996 முதுகலை ஆசிரியர் இடத்துக்கு 2025 ஜூலையில் அறிவிப்பு வந்து அக்டோபர் 12இல்தான் தேர்வே நடந்தது. ஜூனில் காலியான வகுப்புக்கு இதனால் அந்த வருடம் என்ன பிரயோஜனம்?

இன்னொன்று, பணியிடம் காலியா, இல்லை பணியிடமே இல்லையா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம். எண்ணிக்கை குறைந்தால் இருக்கும் டீச்சரையும் உபரி என்று சொல்லிப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். காலி என்றால் ஆளைக் கேட்கவேண்டும், இடமே இல்லையென்றால் இடத்தைக் கேட்கவேண்டும். மனு எழுதும்போது இரண்டும் வேறு வேறு.

புதுசா ஒரு மிஸ் வந்தாங்க, மூணு மாசத்துல போயிட்டாங்க. ஏன் யாருமே தங்க மாட்டேங்குறாங்க?

அவர் எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) மூலம் எடுத்த தற்காலிக டீச்சராக இருப்பார். 2022இல் இந்த முறையைக் கொண்டுவந்தபோது மாதத் தொகுப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய். பிறகு கூட்டினார்கள், ஆனாலும் எம்.எஸ்சி., பி.எட். முடித்தவருக்கு அது கட்டுமா? சிப்காட்டில் ஏதாவது கம்பெனியில் லேப் வேலை கிடைத்தால் போய்விடுவார். போகட்டும், அவர் மேல் தப்பில்லை. வகுப்பறையில் உங்களோடு இருக்கும்வரை அவரை "டெம்பரவரி" என்று கூப்பிடாதீர்கள், கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

பிளஸ் ஒன்னுக்குப் பப்ளிக் இல்லைன்னு சொல்லிட்டாங்க, ஜாலிதானே?

ஜாலிதான், ஒரு வருடத்துக்கு. 2025 ஆகஸ்ட் 8இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு போனது. அது 2017–18இல் ஏன் வந்தது என்று உங்கள் அண்ணன் அக்காவைக் கேளுங்கள். நிறைய பள்ளிகள், முக்கியமாகத் தனியார் பள்ளிகள், பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் நேராகப் பிளஸ் டூ பாடத்தை நடத்திக்கொண்டிருந்தன. நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்து கேள்வி வரும், அங்கே நம் பிள்ளைகள் முழித்தார்கள்.

மன அழுத்தம் குறையட்டும் என்று எடுத்தது சரிதான் என்பேன். ஆனால் பிசிக்ஸ் சார் பற்றிய பதிலோடு சேர்த்துப் படியுங்கள். ஆள் பற்றாத பள்ளியில், பொதுத்தேர்வு இல்லாத வகுப்புக்குத்தான் முதலில் பாட வேளை பறிபோகும். அதைக் கேட்பதற்கு இப்போது தேர்வு முடிவு என்று ஒன்றுகூட இல்லை.

எங்க கிளாஸ் ஒழுகுது. ஃபெஞ்சல் புயல்ல வந்த தண்ணி சுவத்துல இன்னும் கறையா இருக்கு. அதுக்கும் பணம் இல்லைன்றாங்க.

கட்டடம் தனிக் கணக்கு. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று 5 ஆண்டுக்கு 7,000 கோடி அறிவித்தது இதற்குத்தான். ஆனால் எந்த அலுவலகத்தில் கேட்பது என்பதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கிராமத்துத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ.வை (வட்டார வளர்ச்சி அலுவலர்) கேட்கவேண்டும். அரசு உயர்நிலை, மேல்நிலை என்றால் பொதுப்பணித் துறை. சி.இ.ஓ. (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீசில் மட்டும் மனு கொடுத்துவிட்டு வந்தால் அது இங்கேயும் அங்கேயும் பயணம் செய்துகொண்டே இருக்கும்.

எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருடத்துக்கு 3 கோடி, அதில் வகுப்பறை கேட்கலாம். நெய்வேலி என்.எல்.சி. சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றியும் கேட்கிறார்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் கம்பெனி சுவருக்குப் பெயின்ட் அடித்துத் தரும், வருடாவருடம் டீச்சர் சம்பளம் தராது. புயல் வந்தால் ஊரே பள்ளிக்கூடத்தில்தான் தங்குகிறது, தண்ணீர் வடிந்ததும் அந்தக் கட்டடத்தை எல்லோரும் மறந்துவிடுகிறோம். இது அரசாங்கத்துக்கு மட்டும் சொன்னது இல்லை.

வரியில கல்வி செஸ்னு பிடிக்கிறாங்களே, அது எங்க போகுது?

வருமான வரி மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ். செஸ்ஸாக வாங்கும் பணத்தை ஒன்றிய அரசு மாநிலங்களோடு பிரித்துக்கொள்ள வேண்டியதில்லை, அரசியலமைப்பே அப்படி. வரியாக வாங்கினால் பங்கு தரவேண்டும், செஸ்ஸாக வாங்கினால் வேண்டாம். செஸ் ஏன் கூடிக்கொண்டே வந்தது என்று இப்போது புரியும்.

பேசாம பாண்டிச்சேரி ஸ்கூல்ல சேர்த்துடலாமா? பஸ்ல ஒரு மணி நேரம்தான், அங்க எல்லாம் சி.பி.எஸ்.இ. ஆயிடுச்சாமே.

இதற்கு அவசரப்படாதீர்கள். புதுச்சேரிக்குத் தனிக் கல்வி வாரியம் கிடையாது. முன்னால் நம் பாடத்திட்டம்தான் அங்கேயும். 2023–24இலிருந்து மேல் வகுப்புகளுக்கும் சி.பி.எஸ்.இ. கொண்டுவந்தார்கள், 2025இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதல்முறையாக அந்தப் பொதுத்தேர்வை எழுதினார்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளை நடுவில் இதற்கு மாறுவது எவ்வளவு சிரமம் என்று பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் விசாரித்துப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. புதுச்சேரி அரசுப் பள்ளி அந்தக் கணக்கில் வராது. அங்கே மருத்துவத்துக்கு 10 சதவீதம் என்று அவர்கள் பிள்ளைகளுக்குத் தனியாக இருக்கிறது, அதற்கு அவர்கள் விதி. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்து மாதம் 1,000 ரூபாயும் இதே கதைதான். ஒரு வருடம் எல்லையைத் தாண்டிப் படித்துவிட்டுத் திரும்பி வந்தால் இரண்டு பக்கமும் கிடைக்காமல் போகலாம். இங்கேயே உதவிபெறும் பள்ளியில் படிப்பவர்களும் கவனிக்க வேண்டும்: தமிழ்வழி என்றால் அந்த 1,000 ரூபாய் உண்டு, 7.5 சதவீதம் கிடையாது.

எங்க அண்ணனுக்கு லேப்டாப் கொடுத்தாங்க, எங்களுக்கு ஏன் இல்லை?

2011இல் தொடங்கிய திட்டம், கொரோனாவை ஒட்டி நின்றுபோனது. 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருடத்தில் கொடுப்பதாக அறிவித்தார்கள், ஆனால் அது கல்லூரி மாணவர்களுக்கு. பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு வாருங்கள், பார்க்கலாம்.

சரி, இதையெல்லாம் யார்கிட்ட கேக்குறது? மினிஸ்டருக்கு ட்வீட் போட்டா போதுமா?

போடுங்கள், கூடவே இதையும் செய்யுங்கள். முதலில் எஸ்.எம்.சி. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், சட்டமே அப்படி. அப்புறம் ஏன் ஹெச்.எம். எழுதிக் கொடுத்ததில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருகிறோம்? மாதக் கூட்டத்தில் "இந்தப் பாடத்துக்கு இந்தத் தேதியிலிருந்து ஆசிரியர் இல்லை" என்று தேதியோடு தீர்மானம் போடச் சொல்லுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் ஏற்றச் சொல்லுங்கள். ஹெச்.எம். பலர் உள்ளுக்குள் இதை விரும்புவார்கள், அவர் தன் பெயரில் எழுத முடியாததைத் தீர்மானம் எழுதிவிடும். கிராமம் என்றால் அதையே கிராம சபையில் வையுங்கள். 14417 பள்ளிக்கல்வி உதவி எண், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

பணக் கணக்கு வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், சி.இ.ஓ. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் டீச்சர் இல்லை" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் வராது. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து, பள்ளி மானியம் எவ்வளவு, எந்தத் தேதியில் கணக்கில் வந்தது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு.

ரோட்ல உக்காந்தா டி.சி. கொடுத்துடுவோம்னு மிரட்டுறாங்களே?

எட்டாம் வகுப்பு வரை பள்ளியை விட்டு நீக்கவே முடியாது, கட்டாயக் கல்விச் சட்டம் தடுக்கிறது. அதற்கு மேல் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பெரும்பாலும் மிரட்டலோடு நிற்கும் என்றாலும், பிளஸ் டூ பிள்ளையை முன்னால் உட்காரவைத்துவிட்டுப் பெரியவர்கள் பின்னால் நின்று வீடியோ எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மனுவில் பெற்றோர் கையெழுத்து இருக்கட்டும், கூட்டத்தில் பெற்றோர் பேசட்டும். பிள்ளைகள் செய்யவேண்டியது ஒன்று: எந்த நாளில் எந்தப் பீரியட் காலியாகப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு மனுவோடு போனால் "அப்படியெல்லாம் இல்லையே" என்று யாரும் சொல்ல முடியாது.

இதெல்லாம் பண்ணா நான் பிளஸ் டூ முடிக்கிறதுக்குள்ள சார் வந்துடுவாரா?

பெரும்பாலும் வரமாட்டார். வந்தால் உங்கள் ஜூனியருக்கு வருவார். உங்களுக்காக உடனே கேட்கவேண்டியது மாற்றுப் பணி, அதாவது பக்கத்துப் பள்ளி பிசிக்ஸ் ஆசிரியரை வாரத்தில் சில நாள் அனுப்பச் சொல்வது. இதற்குப் புதிய நியமனம் வேண்டாம், பட்ஜெட் வேண்டாம், மாவட்ட அளவில் ஓர் உத்தரவு போதும். தீர்மானத்தில் இந்த வரியைத் தனியாக எழுதுங்கள்.

அப்புறம் செய்முறைத் தேர்வு. பிசிக்ஸில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. ஆசிரியர் இல்லாத பள்ளியில் லேப் பூட்டியே கிடக்கும், கடைசி வாரத்தில் ரெக்கார்டைப் பார்த்து எழுதி ஒப்பேற்றுவார்கள். பொங்கல் லீவுக்கு முன்பே ஹெச்.எம். அறைக்குப் போய், வெளியிலிருந்து ஒரு முதுகலை ஆசிரியரை வரவழைத்துச் சோதனைகளைச் செய்து காட்டச் சொல்லுங்கள், முடியாது என்றால் பக்கத்துப் பள்ளி லேபுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நாலைந்து பேராகப் போங்கள், தனியாகப் போனால் "வகுப்புக்குப் போ" என்று அனுப்பிவிடுவார்கள்.